தாய்மார்களின் பேராதரவுடன்

1992-ஆம் ஆண்டு வந்த தமிழ்ப் படங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பொங்கலுக்கு ‘மன்னன்’, ‘சின்னக்கவுண்டர்’. ஜூனில் ‘அண்ணாமலை’. ஆகஸ்ட் 15 அன்று ‘ரோஜா’. தீபாவளிக்கு ‘தேவர் மகன்’, ‘பாண்டியன்’. இளையராஜா ஆட்சி செய்துகொண்டிருந்தபோதே ஏ.ஆர். ரஹ்மான் என்கிற 25 வயது இளைஞர் வந்து நின்ற ஆண்டு அது. என் வாழ்க்கையிலும் எல்லாம் அந்த ஓராண்டில்தான் நடந்தது. டைப்ரைட்டிங் ஹையர் தேறினேன், வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, தலை தீபாவளி வந்தது, ஆண்டு முடியும்போது மகள் வயிற்றில் இருந்தாள். எந்த மாதம் எது நடந்தது என்று யாராவது கேட்டால் முதலில் அப்போது என்ன படம் ஓடியது என்றுதான் எனக்கு ஞாபகம் வரும்.

எங்கள் ஊர் பாவூர்சத்திரத்துக்குப் பக்கம். அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானதெல்லாம் 2019-இல். ஆண்கள் வயலுக்கும் மரக்கடைக்கும் போவார்கள். பெண்கள் பீடி சுற்றுவார்கள். எங்கள் தெருவில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் மடியில் தட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்திரியால் வெட்டி, தூளை நிரவி, உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆகாதது என்று ஒரு கைப்பிடியை ஒதுக்கித் தள்ளுவார்கள். அந்தக் கழிவுக்கும் சேர்த்துத்தான் அம்மா கூடுதலாகச் சுற்றுவாள்.

அந்தக் காசு அரிசிக்கும் எங்கள் பள்ளிக்கூடச் செலவுக்கும் சீட்டுக்கும் போனது. யாரையும் கேட்காமல் அம்மா தனக்கென்று எடுத்துச் செலவழித்தது சினிமாவுக்கு மட்டும்தான். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் இருந்தால் போதும். படம் பார்க்கப் போகிற நாளில் கோழி கூப்பிடும் முன்பே எழுந்து தட்டை எடுத்துவிடுவாள். சாயங்காலம் கொட்டகையின் குழாயில் சாமி பாட்டு கேட்டதும் தெருவே பரபரக்கும். “ஏட்டி, கையக் கழுவிட்டு வா, வரிசை நீண்டுரும்” என்று எதிர்வீட்டுப் பெரியம்மை குரல் கொடுப்பாள். பத்துப் பதினைந்து பெண்கள் கூட்டமாகப் போய், பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்து, பேசி, அழுது, சிரித்து, நடுராத்திரியில் வயல் வரப்பு வழியாகத் திரும்புவோம். துணைக்கு ஆண் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. கோயில் கொடைக்குப் போனால் வேலை இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனால் முறை இருக்கும். வேலையும் முறையும் இல்லாமல் அந்தப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்த ஒரே இடம் கொட்டகைதான்.

பொங்கல் படங்கள் எங்கள் ஊருக்கு வந்து சேரப் பல வாரம் ஆகும். அன்றைக்குப் படப்பெட்டிகள் குறைவு. திருநெல்வேலியில் ஓடி முடிந்து, தென்காசியில் ஓடி, அதற்குப் பிறகுதான் கிராமத்துக்கு வரும். ‘மன்னன்’ அப்படித்தான் வந்தது. ரஜினியும் கவுண்டமணியும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தியேட்டர் கூட்டத்தில் முண்டியடித்து டிக்கெட் எடுக்கிற காட்சிக்குக் கொட்டகையே அதிர்ந்தது. அம்மாவுக்கு அந்தப் படத்தில் பிடித்தவர் பண்டரிபாய். ‘சின்னக்கவுண்டர்’ வந்தபோது மனோரமா. கதாநாயகன் யாராக இருந்தாலும் அம்மா முதலில் பார்ப்பது படத்து அம்மாவாக யார் நடிக்கிறார்கள், அவளை மகன் எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதைத்தான். அவளை மாதிரி ஆயிரக்கணக்கான பெண்கள் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் அந்தப் படங்களை எடுத்தார்கள். செய்தித்தாள் விளம்பரத்தில் ‘தாய்மார்களின் பேராதரவுடன்’ என்று போடுவார்கள். அலங்காரத்துக்காகப் போட்டதில்லை அது. ஒரு படம் ஐம்பது நாள் ஓடுமா, நூறு நாள் ஓடுமா என்பது பெண்கள் வரிசை நீள்வதைப் பொறுத்தே இருந்தது.

கோடையில் வேலை கிடைத்தது. திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சர். காலையில் மீட்டர்கேஜ் ரயிலில் போய்விட்டு இருட்டியதும் திரும்ப வேண்டும். முதல் சம்பளம் வாங்கியபோது ஊரெல்லாம் ‘அண்ணாமலை’ பேச்சு. அம்மாவையும் தங்கச்சியையும் திருநெல்வேலிக்கு வரச்சொன்னேன். புதுப்படத்தை அதன் முதல் ஓட்டத்தில், நாற்காலியில் உட்கார்ந்து அம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. டிக்கெட்டை நான் எடுத்தேன். இடைவேளையில் முறுக்கும் கலரும் வாங்கிக் கொடுத்தேன். பால்காரன் அண்ணாமலையின் அம்மாவாக அதிலும் மனோரமாதான். வீடு இடிபடுகிற கட்டத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் காய்ப்பு ஏறிய கை. என் சம்பளக் கவரை வாங்கியபோது வராத பெருமை, அந்தக் கை என் கையில் இருந்தபோது வந்தது.

ஆனியில் பெண் பார்க்க வந்தார்கள். ஆடி கழியட்டும், ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அது தெரிந்ததும் ஒரு கேசட்டால். அப்போதெல்லாம் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அவருடைய தம்பி கையில் ஒரு கேசட் கொடுத்து அனுப்பியிருந்தார். ஒரு பக்கம் முழுக்க ‘ரோஜா’. உறையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டுகளின் முதல் வரியை எழுதியிருந்தார். கடைக்காரர் எழுத்தா அவர் எழுத்தா என்று தங்கச்சியும் நானும் வெகுநேரம் ஆராய்ந்தோம். அதுவரை எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் அப்படியொரு சத்தம் வந்ததில்லை.

அந்தப் படத்தைப் பார்க்க எங்கள் வட்டாரமே துடித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. கதாநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கேயே வந்து படம் பிடித்துவிட்டும் போயிருந்தார்கள். தீவிரவாதம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் என்பதால் காஷ்மீர்க் காட்சிகளைக்கூட மணாலி, குன்னூர் என்று வேறு மலைகளில்தான் எடுத்தார்கள். எங்கள் வயலும் பாறையும் மட்டும் நிஜமாகவே எங்களுடையவை. பி.சி. ஸ்ரீராம் என்றோ சந்தோஷ் சிவன் என்றோ ஒளிப்பதிவாளர் பெயரெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ‘ரோஜா’வை எடுத்தவர் சந்தோஷ் சிவன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், தினமும் பார்த்துச் சலித்த பச்சையைத் திரையில் பார்த்தபோது அது வேறு ஊர்ப் பச்சையாக இருந்தது என்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா, தங்கச்சி, நான் மூவரும் போனோம். அக்காவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை தங்கையைப் பிடித்திருக்கிறது என்று சொல்கிற காட்சி வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தங்கச்சியை உள்ளறையிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். வயசுக்கு வந்த தங்கை இருக்கிற எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். காட்சி முடியும்வரை அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. வெளியே வந்ததும், “இனிமே என்னய யாரும் உள்ள போட்டுப் பூட்டக்கூடாது, சொல்லிட்டேன்” என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து அவளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையை அவளும் பார்த்துப் பேசட்டும் என்று அம்மாவே சொன்னாள்.

அக்டோபர் 25 தலை தீபாவளி. மறுநாள் ‘தேவர் மகன்’ போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். “அத்தையும் வரட்டும்” என்றார். மாப்பிள்ளையோடு சினிமாவுக்குப் போவதா என்று அம்மா கூச்சப்பட்டாள். அவர் விடவில்லை. திருநெல்வேலியில் ஆண்கள் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. உள்ளே போக வாய்ப்பே இல்லை. அப்போது கைகொடுத்தது பெண்கள் கவுண்டர்தான். அங்கே வரிசை சிறியது. நானும் அம்மாவும் நின்றோம். “யக்கா, எங்களுக்கும் ரெண்டு எடுத்துத் தாங்கக்கா” என்று பையன்கள் காசை நீட்டிக்கொண்டு கெஞ்சினார்கள். ஆளுக்கு இத்தனை டிக்கெட் என்று கட்டுப்பாடு இருந்ததால் எங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுக்க முடிந்தது. கல்யாணமான முதல் தீபாவளிக்குப் புருஷனைப் படத்துக்குக் கூட்டிப்போனவள் நான் என்றே இன்றும் சொல்லிக்கொள்வேன்.

அந்தப் படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள் கிடைத்தன. ரேவதிக்கு ஒன்று, பாடிய எஸ். ஜானகிக்கு ஒன்று. அம்மாவின் தீர்ப்பு வேறாக இருந்தது. ரேவதி பாத்திரத்துக்காக எல்லாரும் உருகினார்கள். அம்மா வழியெல்லாம் கௌதமி பாத்திரத்துக்காக வாதாடிக்கொண்டு வந்தாள். “அந்த டவுன் புள்ள என்ன பாவம் செஞ்சா? நம்பித்தானே வந்தா?” மாப்பிள்ளை கமல் பக்கம் பேசினார். பஸ் ஸ்டாண்டு போகும்வரை மாமியாரும் மருமகனும் விவாதித்தார்கள். அவர் எங்கள் வீட்டு மனிதர் ஆனது அந்த நடையில்தான்.

டிசம்பர் 6-இல் அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டது. இரவில் வெளியே போகவேண்டாம் என்றார்கள். எனக்கும் மசக்கை. அந்த ஆண்டின் படக் கணக்கு அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. மகள் பிறந்து சில வருஷங்களுக்குள் எங்கள் தெருவில் கேபிள் வந்துவிட்டது. திண்ணையில் இருந்த தட்டுகள் டிவிக்கு முன்னால் நகர்ந்தன. கொட்டகையைப் பிரித்தார்கள். அந்த நிலம் இன்று வீட்டு மனை.

இன்றைக்கு எதற்கும் குறைவில்லை. ஊருக்கு ஒரே நாளில் புதுப்படம் வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகள் ‘தேவர் மகன்’ படத்தைத் தன் போனில் பார்த்துவிட்டு, பாட்டி சொன்னதுதான் சரி என்று எனக்குச் செய்தி அனுப்புகிறாள். ஆனால் அந்தப் பாட்டியைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக முடியவில்லை. போன வருஷம் நகரத்து மல்டிபிளெக்ஸுக்கு அழைத்தேன். “எவ்வளவுட்டி?” என்றாள். டிக்கெட், புக்கிங் கட்டணம், கார் வாடகை, சோளப்பொரி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். “அம்மாடி, இதுக்கு எத்தனை ஆயிரம் சுத்தணும்!” என்றாள். நான் கொடுக்கிறேன் என்றேன். அது அவளுக்குச் சரிப்படவில்லை. தன் கைக்காசில் பார்த்துப் பழகியவள் அவள்.

அவள் இல்லாமல் நாங்கள் போன காட்சியில் அம்மா வயதுப் பெண் ஒருவரையும் பார்க்கவில்லை. பீடி சுற்றுகிறவர், வயல் வேலைக்குப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் யாரும் அங்கே இல்லை. அவர்கள் வராததால் திரையிலும் அவர்கள் இல்லை. முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிற இளைஞனுக்காகவே கதை செய்கிறார்கள். முதல் மூன்று நாளில் போட்ட பணம் வந்துவிட வேண்டும் என்பதே கணக்கு. அண்ணாமலையின் அம்மாவுக்கு இருந்த இடம் இன்றைய கதாநாயகனின் அம்மாவுக்கு இல்லை. இருந்தாலும் சுட்டுக் கொல்லப்படுவதற்காக இருக்கிறாள். நான்காம் வாரம் வருகிற தாய்மார்களை நம்பிப் படம் எடுத்த காலத்தில், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எழுதுகிறவருக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் போனது தமிழ் சினிமாவுக்குப் பெரிய நஷ்டம் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

பழையபடி மணலில் உட்கார வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்கு நல்ல கழிப்பறை, குளிர்சாதனம், பாதுகாப்பு எல்லாம் இப்போதுதான் வந்திருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. விலைதான் கதவை மூடியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சினிமா டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சிறிய ஊர்களில் இன்னும் தியேட்டர் நடத்துகிறவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. பாதி இருக்கை காலியாகக் கிடக்கிற வாரநாள் மதியக் காட்சியை, வாரம் ஒரு தடவையாவது, கூலிக்குப் போகிற பெண்கள் தங்கள் காசில் எடுக்கக்கூடிய விலைக்கு விடுங்கள். மூடிப்போன பெண்கள் கவுண்டரை அன்றைக்குத் திறந்து வையுங்கள். வாசகர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் தெருவில் தியேட்டர் பக்கம் போய்ப் பல வருஷம் ஆன அம்மாக்கள் இருப்பார்கள். நாலைந்து பேரைச் சேர்த்து, கூட்டமாகக் கூட்டிப்போங்கள். டிக்கெட் காசை அவர்களே தரட்டும்.