தம்பி வளர்தலும் தமக்கை மருளலும்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

தம்பி வளர்கிறான் என்பது ஊரறிந்த செய்தி. அதை அக்கா எப்படித் தாங்கிக்கொள்கிறாள் என்பதைப் பற்றித்தான் தமிழ் ஆய்வுலகம் வாயே திறக்கவில்லை. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிற பழமொழிகூட உடையானோடு நின்றுவிடுகிறது. உடையாளின் கதி அதற்கு ஒரு பொருட்டில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் சற்றுப் பரவாயில்லை. ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிற்றில் சிதைத்தலை வைத்து, மணல்வீடு கட்டிய சிறுமியர் அதை எற்ற வரும் பயலிடம் கெஞ்சுவதாகப் பாட இடம் கொடுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டோர் தரப்பு இலக்கியத்தில் பதிவான அரிய இடம் இது. ஆனால் அதற்கப்புறம் சிறுபறை, சிறுதேர் என இரண்டே பருவத்தில் நூல் முடிந்துவிடுகிறது. தேர் உருட்டிய பயல் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன ஆனான் என்று புலவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாம் கேட்கிறோம்.

ஆய்வுக்களம் பாளையங்கோட்டையில் ஒரு வீடு. ஆய்வுப் பொருள், அவ்வீட்டுக் கடைக்குட்டி. ஆய்வாளர் அதே வீட்டு மூத்தவள். கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை வந்து போகிறவள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு வளர்ச்சி தென்படாது என்பதால், இப்படி விட்டு விட்டு நோக்கும் முறையே சிறந்தது. (ஆய்வு நெறியாளரான அம்மா தினமும் பார்க்கிறார். அவர் கணக்கில் ஆய்வுப் பொருள் இன்னும் பால் டம்ளரைக் கவிழ்க்கும் வயதில்தான் இருக்கிறான்.)

கோட்பாட்டுக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை எனும் வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைச் சொல்லிவிட்டார். நான்குக்கும் நான்கு இடங்களில் உதாரணம் தேடி உரையாசிரியர்கள் அலைந்திருக்க வேண்டியதே இல்லை. பத்தாவது முடித்த ஒரு பையனை ஒரு கோடை விடுமுறை முழுக்க வீட்டில் வைத்திருந்தால் போதும்.

புதுமை, குரலில் வந்தது. இந்த வயதில் பையன்களுக்குக் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் தொனி இறங்குகிறது என்கிறது உடற்கூற்றியல். அதன் சமூக விளைவுகளை உடற்கூற்றியல் சொல்வதில்லை. தூத்துக்குடி அத்தை போன் செய்தார். எடுத்தவன் ‘அலோ’ என்றதும், “அண்ணே” என்று ஆரம்பித்துக் கிழக்கு வயல் வரப்புத் தகராற்றை அடி முதல் நுனி வரை சொல்லி, அழுது, ஆறுதலும் அடைந்து வைத்துவிட்டார். ஆய்வுப் பொருள் நடுநடுவே ‘ம்’ கொட்டியதைத் தவிர எதுவும் செய்யவில்லை. அப்பா நேரில் பேசி ஒரு தடவைகூட அத்தை இவ்வளவு சமாதானமானதில்லை என்பதைப் பதிவு செய்கிறோம்.

சிறுமைக்கு மீசை. அது இருப்பதாக அவன் சொல்கிறான். வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்போது நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

பெருமைதான் சிக்கலானது. வளரிளம் பருவத்தில் உயரம் விறுவிறுவென்று ஏறும் காலம் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முந்தியே வந்துவிடுகிறது. பையன்களுக்குப் பிந்தி வந்தாலும், வந்தபின் லேசில் நிற்பதில்லை. இயற்கையின் இந்த ஏற்பாட்டால் மூத்தவள் பல ஆண்டு காலம் மேலிருந்து பேசிப் பழகிவிடுகிறாள். பிறகு ஒரு நாள் பரணில் இருக்கும் இட்லிக் கொப்பரையை எடுக்க அவள் ஸ்டூலை இழுக்கும்போது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. பிரான்சில் மோன்பெய்யார் என்பவர் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தை விடாமல் அளந்து குறித்து வைத்தார். இயற்கையியலாளர் புஃபோன் அக்கணக்கைத் தம் நூலில் வெளியிட்டார். அளந்தவர் தந்தை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்கா அளந்திருந்தால் பையன் அவளைத் தாண்டிய அன்றைக்கே அளவுகோல் தொலைந்திருக்கும். அறிவியலுக்குப் பாதி வரைபடம்தான் மிஞ்சியிருக்கும்.

அளக்கும் நேரத்திலும் தகராறு உண்டு. பகலெல்லாம் நிற்பதாலும் நடப்பதாலும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்கி, மாலையில் மனிதர்கள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோகிறார்கள். ஆகவே ஆய்வுப் பொருள் படுக்கையிலிருந்து எழுந்ததும் கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறான். ஆய்வாளரோ அவன் கிரவுண்டிலிருந்து வந்து விழும் நேரத்துக்கே பென்சிலைத் தேடுகிறாள்.

இனி ஆக்கம். ஒன்று இன்னொன்றாக மாறி நிற்பதைக் காண்கையில் வரும் வியப்பு. சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு. இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. இந்த வீட்டில் அதை அம்மாவும் ஆய்வாளரும் விளிம்பில் சாய்த்து, வழியெல்லாம் சத்தம் எழ, உருட்டியே கொண்டுபோவது வழக்கம். இப்போது அவன் தூக்கிக்கொண்டு போகிறான். யாரும் சொல்லாமல் போகிறான். சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்கிறான். கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறியவனும் இவனும் ஒருவர்தான் என்பதற்கு ஆதார் அட்டை தவிர வேறு அத்தாட்சி இல்லை. போன தீபாவளிக்கு விடுதியிலிருந்து வந்த பேருந்து தாமதமாகி, நள்ளிரவு தாண்டிப் புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, தூணோரம் சைக்கிளோடு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று சொல்லவில்லை. பையை வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு முன்னே நடந்தான்.

அப்போது ஆய்வாளர் சொன்ன சொற்கள் வருமாறு: “இது என்னல செருப்பு, ரெண்டும் ரெண்டு சோடி? வளர்ந்து கெட்டவனே.”

இக்கட்டுரையின் கண்டுபிடிப்பே இதுதான். அக்காவின் வியப்பு நேரே வெளிவருவதில்லை. வசவாகத் திரிந்துதான் வாயைத் தாண்டுகிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவை புகழ்வதுபோல் இகழ்ந்ததைப் புறநானூற்றில் காண்கிறோம். அக்காமார் வழி அதற்கு நேர் எதிர். களத்தில் திரட்டிய சொற்களை வரிசைப்படுத்தினால், ‘மூதி’ என்பது சாதாரண நலம் விசாரிப்பு. ‘தடிமாடு’ தெளிவான பாராட்டு. ‘வளர்ந்து கெட்டவன்’ தொண்டை அடைக்கும் தருணங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கலப்படமற்ற புகழ்ச்சி விடுதி அறைத் தோழிகளிடம் மட்டும், அதுவும் ஆய்வுப் பொருள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில் மட்டும் வெளிப்படும். வாயில் ‘என் தம்பி’ என்று ஆரம்பிக்கும்போதே அவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வதாகத் தகவல்.

தம்பிக்கு அக்கா மேல் வியப்பு உண்டா என்கிற மறுதலை வினாவையும் ஆராயாமல் விடவில்லை. கேள்வித்தாள் ஒன்று தரப்பட்டது. எல்லாக் கேள்விகளுக்கும் ‘ம்’ என்று பதில். எழுதவும் இல்லை, சொன்னதுதான். மற்றபடி கிடைத்திருப்பது ஒரே தரவு. மாடிப்படிக்குக் கீழே நண்பனிடம் போனில், “அத எங்கக்காட்ட கேட்டுச் சொல்லுதேன், அவளுக்குத் தெரியாதது கெடையாது” என்றான். ஒட்டுக்கேட்ட தரவை ஆய்வில் சேர்ப்பது முறையாகுமா என்று நெறியாளரிடம் விளக்கம் கேட்டோம். “அவன் போன் பேசுற எடத்துல ஒனக்கு என்னட்டி சோலி?” என்றார்.