திருடன் வேண்டாத அலாரம்

திருட்டுப் பயத்தில் அலாரம் பேனல் வாங்குகிறவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பயந்தார், வாங்கினார், தூங்கினார். நான் சொல்ல வந்தவர் வேறு ரகம். அவர் வீட்டிலும் சுவரில் கீபேட் இருக்கும். மூலைக்கு மூலை பிஐஆர் சென்சார் சிவப்பு விளக்கைச் சிமிட்டும். ஆனால் மாட்டிய நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அதை அவர் ‘ஆர்ம்’ செய்ததில்லை. “திருடன் வந்தால்?” என்று கேட்டுப் பாருங்கள். மார்கழிக் கச்சேரியில் குத்துப்பாட்டு கேட்ட ரசிகரைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார்.

“இது அதுக்கு இல்லை சார். இது டேங்க்குக்கு.”

சென்னையில் நங்கநல்லூர், மடிப்பாக்கம், குரோம்பேட்டைப் பக்கம் தேடினால் இந்த ரகம் கிடைக்கும். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், டெலிபோன்ஸ், வங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று ஏதோ ஒன்றில் முப்பது வருஷம் அடக்கி வைத்த ஆர்வத்தை இப்போது மொத்தமாக அவிழ்த்து விட்டிருப்பவர். பேனல்காரர் என்றே அழைப்போம். பேனலை அவர் கடையில் போய் முழு விலைக்கு வாங்கியிருக்க மாட்டார். ஏதோ ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது காயலாங்கடைக்குப் போனதை நடுவழியில் மீட்டிருப்பார். பாக்கிச் சாமான் எல்லாம் ரிட்சி ஸ்ட்ரீட்.

அவர் கட்சி என்னவென்றால்: வைஃபை பல்பு என்பது ஏமாற்று வேலை. ரவுட்டர் படுத்தால் விளக்கும் படுத்துவிடும். விளக்கைப் போட வேண்டிய சங்கதி ஏழு கடல் தாண்டி எங்கேயோ ஒரு சர்வருக்குப் போய், அனுமதி வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குத் திரும்ப வேண்டும். பேனலுக்கு அந்த அலைச்சல் கிடையாது. வயர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, அவ்வளவுதான் அதன் கேள்வி. 1853இல் பாஸ்டன் பக்கத்தில் அகஸ்டஸ் போப் என்பவர் கதவையும் மின்சுற்றையும் மணியையும் இணைத்துக் காப்புரிமை வாங்கினாரே, அன்றைக்கும் அதே கேள்விதான். ஈபி போனால் உள்ளே 12 வோல்ட் பேட்டரி தாங்கும். “போப் திருடனை நினைச்சார். நான் தண்ணியை நினைக்கிறேன். வயருக்கு என்ன தெரியும்?” என்பார்.

இந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்குச் சங்கடம். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் ஃப்ளோட் ஸ்விட்ச் வயரைத் திறக்கும். பேனலைப் பொறுத்தவரை யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். உடனே ஒரு ரிலே தட்டி மோட்டார் நிற்கும். எங்கள் தெருவில் தொட்டி வழிந்து அடுத்த வீட்டோடு சண்டை வராத வீடு அவருடையது மட்டும்.

ஆனால் காவலுக்குப் பிறந்த பெட்டியை வீட்டு வேலைக்கு வைப்பது அத்தனை சுலபமில்லை. அதற்குச் சந்தேகமே பிறவிக்குணம். ஒவ்வொரு வயரின் கடைசியிலும் 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யாரோ வயரை அறுத்ததாக அர்த்தம். சைரனைக் கழற்றிப் பரணில் போட்டால், ‘சைரன் எங்கே?’ என்று மஞ்சள் விளக்கைப் போட்டு முறையிடும். அதற்கு, சைரன் இருந்த முனைகளில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, சைரன் பத்திரமாக இருப்பதாக நம்பவைக்க வேண்டும். டெலிபோன் லைன் எங்கே என்று கேட்கும்; அந்தக் கேள்வியையே நிரலில் அணைக்க வேண்டும். பேனல்காரரின் சாயங்காலங்கள் இப்படிப் பெட்டியிடம் பொய் சொல்வதில் கழிகின்றன. வாழ்நாளில் வருமான வரிக் கணக்கில் ஒரு ரூபாய் மறைக்காத மனிதர்.

வீட்டுக்குள் பேச்சு வழக்கும் மாறிப்போகும். மாடிக் கதவு என்று அங்கே யாரும் சொல்வதில்லை, பேனலில் அதற்குள்ள ஆறாம் நம்பர்தான். அவர் மனைவி கொல்லைப்புறத்திலிருந்து, “ஆறைச் சாத்திட்டு வரும்போது நாலுல காயற துணியையும் எடுத்துண்டு வாங்கோ” என்று குரல் கொடுப்பதைக் கேட்டு, புதிதாக வந்த வேலைக்காரம்மா மறுநாள் வரவில்லை.

கத்திரி வெயில் இவர்களுக்குச் சோதனைக் காலம். பிஐஆர் சென்சார் நம்மைப் பார்ப்பதில்லை. நம் உடம்புச் சூட்டுக்கும் பின்னாலிருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கிறது. சென்னையில் மே மாதம் சுவரும் 35, நம் தோலும் ஏறக்குறைய 35. தாழ்வாரத்தில் நாம் நடந்தால் சுவர் நடப்பதாக நினைத்துச் சும்மா இருந்துவிடும். அது போட வேண்டிய விளக்கு எரியாது. விலை கூடிய சென்சார்கள் வெயிலுக்கேற்ப உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். இவர் போட்டது அந்த ஜாதி இல்லை. ஒரு மே மாதம் முழுக்க அந்த வீட்டில் ராத்திரி எழுந்தவர்கள் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்கள். விளக்கு எரிந்தது. “பாத்தியா, சிஸ்டம் வேலை செய்யறது” என்றார் அவர். சுவிட்சு பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

ஃப்ரிட்ஜைப் பேனலோடு இணைத்ததுதான் அவர் சறுக்கிய இடம். கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தால் கூப்பிட வேண்டும் என்று, உடம்பில் ஒரு ரீட் ஸ்விட்ச், கதவில் அதற்கான காந்தம். ஏழாம் நம்பர். பேனல் சொல்வதையெல்லாம் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று நேரம் போட்டுக் குறித்து வைக்கும். முதல் வாரத்திலேயே காலைக் காபியோடு அறிக்கை வாசித்தார்: “ராத்திரி 2.10, ஏழு திறப்பு. 2.11, ஏழு மூடல். முந்தாநாளும் இதே நேரம்.”

எண்பதைத் தாண்டிய, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற அவர் அம்மா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “எலியா இருக்கும்டா” என்றார்.

அதற்கப்புறம் ஏழாம் நம்பர் ராத்திரியில் வாயே திறக்கவில்லை. ஆனால் மைசூர்பாகு டப்பாவின் எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பேனல்காரர் வயரைச் சந்தேகித்தார், ரெசிஸ்டரைச் சந்தேகித்தார், மருமகளைக்கூட ஒரு நாள் லேசாக. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு.

ஒரு நாள் விடியற்காலை பால் எடுக்க மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறந்தால் கீபேட் அடிக்க வேண்டிய ‘டிங்’ இல்லை. கதவு விரியத் திறந்து கிடக்க, கீபேட் ‘மூடியிருக்கிறது’ என்று சாதித்தது. பேனல்காரர் வந்து குனிந்து பார்த்தார். ரீட் ஸ்விட்சுக்கு ஒட்டினாற்போல, போன வருஷம் திருப்பதியில் வாங்கிய பெருமாள் காந்தம். அதை எடுத்தார்: ‘டிங்’. வைத்தார்: மௌனம். கதவின் காந்தம் விலகினாலும் பெருமாள் பக்கத்திலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார். தினமும் பொழுது விடியுமுன் கதவுக்குத் திரும்பிவிடுகிறவர், அன்று அம்மா கண் அயர்ந்துவிட்டதால் மாட்டிக்கொண்டார்.

“இது எப்படிம்மா உனக்குத் தெரிஞ்சது?”

“எலக்ட்ரீஷியன் பையனை உக்காத்தி வெச்சு, இன்னொரு காந்தத்தைக் காட்டினா ஸ்விட்ச் ஏமாந்துடும்னு ஒரு மணி நேரம் சொன்னியே. அவன் தூங்கிட்டான். நான் கேட்டேன்.”

அவருக்குக் கோபம் வரவில்லை. முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது என்கிறார் மனைவி. அந்த வீட்டில் அவர் சொன்னதை முழுசாகக் கேட்டவர் இன்னொருவர் கிடையாது. அன்றைக்கே உட்கார்ந்து, வங்கிப் பெட்டக அறைகளில் போடுகிற பேலன்ஸ்டு காண்டாக்டை, அதாவது வேற்றுக் காந்தத்தைக் கண்டால் உடனே கத்துகிற ரகத்தை, எங்கே வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜுக்குத்தான்.

“நிதானமாத் தேடி வாங்குடா. டப்பா நேத்தே காலி” என்றார் அம்மா.