சுழி பாத்து வாங்குல

ஏலே பேராண்டி, கூடத்து டிவியில மாட்டி விளையாட லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒண்ணு, 40,000 ரூபாய்க்குள்ள வேணும்னு போன்ல சொன்னேல்லா. கடைக்காரன் அனுப்புன போட்டோவையும் பாத்தேன். கண்ணாடிக் கேபினட்டு, உள்ள ஆறு ஃபேன், ஆறும் கலர் கலரா மின்னுது. நம்மூர் அம்மன் கொடைக்குப் போட்ட சீரியல் செட்டு தோத்துச்சு போ. மாட்டுச் சந்தையிலயும் இப்படித்தான், கொம்புக்குப் பெயின்ட் அடிச்சு, சலங்கை கட்டி நிப்பாட்டியிருப்பான். நாங்க கொம்பைப் பாக்க மாட்டோம். வாயைப் பிளந்து பல்லைப் பாப்போம், பொறவு சுழியைப் பாப்போம்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. நாப்பது வருசம் ரேடியோவும் டிவியும் பிரிச்சுப் போட்ட கை இது. உங்க ஆச்சி சீரியல் பாக்கிற நேரத்துல வேற சோலி கிடையாது, இதைத்தான் நோண்டிட்டுக் கெடக்கேன்.

மொத சுழி பெட்டியில இல்லல, நீ ஆடப்போற ஆட்டத்துல இருக்கு. 2015-லயே வால்வ் கம்பெனி, கூடத்துல வைக்க ஸ்டீம் மெஷின்னு லினக்ஸ் பெட்டியெல்லாம் இறக்குச்சு. பெட்டி இருந்துச்சு, அதுல ஓட ஆட்டம் இல்ல. படுத்துக்கிட்டு. பொறவு 2018-ல புரோட்டான்னு ஒரு துபாசியைக் கொண்டாந்தான். விண்டோஸ் ஆட்டம் அது பாஷையில கேக்கும், புரோட்டான் அதை லினக்ஸுக்குப் புரியும்படியா மாத்திச் சொல்லும். ஆட்டத்துக்குத் தான் வேத்தூர்ல இருக்கோம்னே தெரியாது. இப்போ ரொம்ப ஆட்டம் அப்படித்தான் ஓடுது. ஆனா நீ ராத்திரி பூரா வலோரண்டு, ஃபோர்ட்நைட்டுன்னு உருளுத பய. அதுக ரெண்டும் லினக்ஸ்ல ஓடாது. கள்ளாட்டம் பிடிக்கிறோம்னு அவன் வச்சிருக்கிற காவக்காரன் வீட்டுக்குள்ள அடுக்களை வரைக்கும் புகுந்து பாக்கணும்பான், லினக்ஸ்ல அப்படிப் புகுறதுக்கு அவன் வழி பண்ணி வைக்கல. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நல்லா ஓடிக்கிட்டிருந்தது, அதையும் 2024-ல அடைச்சுட்டாங்க. இந்த மூணும் இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காதுன்னா, காசைப் பத்திரமா வையி. விண்டோஸ்லயே கெட.

அதெல்லாம் வேண்டாம் தாத்தான்னு சொன்னா, கேளு. ரைசன் 5 5600ஜின்னு ஒரு சிப்பு எடு. ஆறு கோர், படம் காட்டுத வேலையையும் அதே சிப்பு பாத்துக்கிடும், தனிக் கார்டு வேண்டாம். இங்கதான் கடைக்காரன் உன் காதுல பூ வைப்பான். 16 ஜிபி ரேம்னு பில்லுல போடுவான், ஒத்தைக் குச்சியா மாட்டி விடுவான். வாங்காத. 8 ஜிபி குச்சி ரெண்டு கேளு. இந்தச் சிப்புக்குப் படம் வரையச் சொந்தமா மெமரி கிடையாது, ரேம்லதான் மொண்டு குடிக்கணும். ஒத்தைக் குச்சின்னா கமலைக்கு ஒத்தை மாடு பூட்டின கதை. ரெண்டு பூட்டிப் பாரு, அதே சிப்பு எந்திரிச்சு ஓடும். பெரிய ஆட்டத்துக்குப் படத்தரத்தைக் குறைச்சுத்தான் வைக்கணும், அதுக்கு மூஞ்சியைத் தூக்காத. ஸ்டார்டியூ வேலி, ஹேடிஸ், கப்ஹெட் மாதிரி ஆட்டமெல்லாம் தாராளமா ஓடும். சம்பளம் கூடினா பின்னால அதே போர்டுல ஒரு ஆர்எக்ஸ் 6600 சொருகிக்கலாம். அதுக்கு 132 வாட்டு வேணும், அதனால எஸ்எம்பிஎஸ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத. கார்டு எதுன்னாலும் ஏஎம்டியாப் பாரு, டிரைவர் லினக்ஸுக்குள்ளயே கெடக்கு, தேடி அலைய வேண்டாம். மேல பஸைட்டுன்னு ஆட்டத்துக்குன்னே பண்ணின லினக்ஸ் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்க. சுவிட்சைப் போட்டா நேரா ஸ்டீம் வந்து நிக்கும், கீபோர்டைத் தேடவே வேண்டாம்.

ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய கம்ப்யூட்டர் மலிவாக் கெடைக்குதேன்னு கேப்ப. கெடைக்கும். நானும் ஒண்ணு வாங்கினேன், ஒல்லியா, பாக்க லட்சணமா. கூடவே ஒரு பழைய கார்டு. வீட்டுக்கு வந்து கழட்டிப் பாத்தா கார்டு நெட்டை, பெட்டி குட்டை. சரி, மூடியைத் திறந்தே போட்டு ஓட்டுவோம்னா, கார்டுக்குக் கரண்டு குடுக்க எஸ்எம்பிஎஸ்ல வயரே இல்ல. வேற எஸ்எம்பிஎஸ் மாத்தலாம்னா, அந்தப் பெட்டிக்குன்னு தனிப் பிளக்கு, கடையில கெடைக்கிறது சேராது. அந்த மாதிரிப் பெட்டிக்கு அரை உயரக் கார்டா, 75 வாட்டுக்குள்ள, ஸ்லாட்டுலயே கரண்டு எடுத்துக்கிறதா இருக்கணும். எனக்கு அது பொறவுதான் உறைச்சுது. இப்போ அதுமேல உங்க ஆச்சி சாமி படம் வச்சு விளக்கு ஏத்துதா.

4கேன்னு ஒரு வார்த்தை சொன்னியே, அதை விடு. 1080-ஐ விட நாலு மடங்கு புள்ளி அது, இந்தச் சிப்பு மூச்சு வாங்கும். 1080-லயே ஆடு, எட்டடி தள்ளிச் சோபாவுல சாஞ்சு பாக்கிறவனுக்கு அது போதும். டிவி செட்டிங்ஸ்ல போயி கேம் மோட் போட்டுக்க, இல்லேன்னா நீ பட்டனை அமுக்கினபொறவு டிவி யோசிச்சுக் குதிக்கும். பெட்டியை ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்குள்ள பூட்டி வைக்காத, உள்ள இட்லி வெந்துரும்.

எல்லாம் சொல்லிட்டேன், ஒண்ணைத் தவிர. அந்த டிவி சாயங்காலம் ஆறரையில இருந்து பத்து மணி வரைக்கும் உங்க ஆச்சிக்கு. காசை எண்ணுமுன்ன அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கல. நான் கேக்க மாட்டேன்.