பொருள்: பிரிண்டர் கண்ணில் படாமை – தொடர்பாக

அனுப்புநர்: ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் உள்ள கணக்கு அலுவலகம்.

பெறுநர்: உயர்திரு பகிர்வுத் துறை ஆணையர் அவர்கள், இயங்குதளத் தலைமைச் செயலகம்.

பார்வை: பூஜ்யம், எக்ஸ், அதன்மேல் ஐந்து பூஜ்யம், ஒன்று, ஒன்று, பி.

ஐயா,

மனுதாரர் அலுவலகத்தின் பிரிண்டர், வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரோடு யூ.எஸ்.பி. கேபிளால் பிணைக்கப்பட்டு, அங்கிருந்து மற்ற நான்குக்கும் ஷேர் செய்யப்பட்டுள்ளது. போன புதன்கிழமை இணைய இணைப்புக்காரர் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார். வியாழக்கிழமை காலையில் நான்கு கம்ப்யூட்டர்களும் பிரிண்டரைக் காணோம் என்றன. பிரிண்டர் வழக்கமான இடத்தில், பச்சை விளக்கு எரிய, காகிதத்தோடு காத்திருந்தது.

விசாரித்ததில் தெரியவந்தது இது: ரவுட்டர் மாறினால் அது புது நெட்வொர்க். புது நெட்வொர்க்கைத் தங்கள் துறை 'பப்ளிக்' என்று பதிவு செய்துகொள்ளும். பல வருடங்களாக ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் ஊறுகாயை இன்னொருவர் எடுத்துச் சாப்பிடும் ஐந்து பேர், ஒரே இரவில் ரயில் நிலைய வைஃபையில் சந்தித்துக்கொண்ட அந்நியர்கள் ஆகிவிட்டார்கள். ஃபயர்வால் கதவைச் சாத்திக்கொண்டது. வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் 'பிரைவேட்' என்று மாற்றினால் தீர்கிற விஷயம். ஆனால் திரையில் வந்த அறிவிப்போ, நெட்வொர்க் பாதையே காணவில்லை என்றது. சாத்திய கதவுக்கும் இல்லாத தெருவுக்கும் தங்கள் அகராதியில் ஒரே சொல்தானா என்று மனுதாரர் அறிய விரும்புகிறார்.

கதவு திறந்ததும் வாசலில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்பட்டன. டைப்பிஸ்ட் அம்மாள் தினமும் காலையில் தட்டும் 'பின்' எண்ணைத் தட்டினார். அந்த எண் அவருடைய கம்ப்யூட்டருக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது. அடுத்தவர் தமது கணக்குக்குக் கடவுச்சொல்லே வைத்ததில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு என்டர் தட்டினார். கடவுச்சொல் இல்லாதவர் நேரில் வந்து உட்காரலாம், நெட்வொர்க் வழியாக உள்ளே வரக்கூடாது என்பது விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலிருந்து உள்ள விதி. நல்ல விதிதான். வாசலில் எழுதி ஒட்டியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

தங்கள் துறை காரணமில்லாமல் பூட்டுப் போடுவதில்லை என்பதை மனுதாரர் ஒப்புக்கொள்கிறார். கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. என்ற மொழி 1980களில் ஐ.பி.எம்.மில் பிறந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சில் ஒட்டு வந்தது. ஒட்டுப் போடாத கம்ப்யூட்டர்களுக்குள் மே 12 அன்று வானாக்ரை என்ற பணம் பறிக்கும் மென்பொருள் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. பிரிட்டனில் மருத்துவமனைத் திரைகள் முடங்கி, அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய மொழிக்குப் பழையபடி இடமில்லை.

முதல் பதிப்புக் கிழவரை வீட்டுக்கு அனுப்பியதில் வருத்தமில்லை. ஆனால் அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பதும் அவரை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது. மூலையில் நிற்கும் பழைய ஜெராக்ஸ் மெஷின், ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போட அவர் மொழியை மட்டுமே பேசும். பட்டியல் வேலைக்கு இப்போது வந்திருப்பவர் பெயர் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்'. பெயர் பெரிது. பணிமுறை 'மேனுவல்', அதாவது யாராவது எழுப்பினால்தான் எழுந்திருப்பார். அவர் தூங்கினால் கம்ப்யூட்டர் பட்டியலில் தெரியாது, பெயரையோ ஐ.பி. முகவரியையோ சொல்லி நேரடியாகக் கூப்பிட்டால் மட்டும் குரல் கொடுக்கும்.

இனி, இத்தனையும் தாண்டியபின் திரையில் வந்த, பார்வையில் கண்ட எண். 2021 ஜூன் கடைசியில், பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற ஓட்டை உலகுக்குத் தெரிந்தது. ஆகஸ்டில், ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கட்டாயமாயிற்று. செப்டம்பர் 14 அப்டேட், பிரிண்டரை நாடிவரும் இணைப்பு இன்னும் கறாரான அடையாளம் காட்ட வேண்டும் என்றது. இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்று அப்டேட் ஆகி மற்றது ஆகாமல் கிடந்தால், பிரிண்டருக்குப் பதில் அந்த எண்தான் கிடைக்கும். 'பக்கத்துக் கம்ப்யூட்டருக்கும் அப்டேட் போடு' என்று ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில் பத்து எழுத்தில் ஒரு வாகனப் பதிவு எண்.

அலுவலகம் என்ன செய்யும்? சிஸ்டம் தம்பியைக் கூப்பிட்டது. தம்பி அப்டேட்டை நீக்கினார். ரெஜிஸ்ட்ரியில் ஒரு புதுப் பதிவு சேர்த்து, அதற்கு 0 என்று மதிப்புக் கொடுத்தார். ஃபயர்வாலை அணைத்தார். கணக்கு ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தார். பத்தே நிமிடத்தில் பிரிண்ட் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பல வருடமாகத் தாங்கள் ஒவ்வொன்றாகப் போட்ட பூட்டுகள் மேசைமேல் கிடந்தன, டீ கிளாசுக்குப் பக்கத்தில்.

மனுதாரர் பக்கமும் குற்றம் உண்டு. பிரிண்டரின் முதுகில் ஒரு லேன் துளை இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதில் தூசிதான் குடியிருக்கிறது. ஒரு கேபிளை ரவுட்டரில் செருகி, பிரிண்டருக்கென்று ஒரு ஐ.பி. முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவைத்தால், ஐந்து கம்ப்யூட்டர்களும் நேராக அதனிடம் போகலாம். வரவேற்பு மேசையின் தயவு தேவையில்லை. கேபிள் வாங்க ஆள் போயிருக்கிறார்.

ஆகவே, இனி கதவைச் சாத்தும்போது எந்தக் கதவு, ஏன், சாவி யாரிடம் என்பதை எண்ணில் அல்லாமல் எழுத்தில் தெரிவிக்குமாறு மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்.

நகல்: சிஸ்டம் தம்பிக்கு. ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிட்டுப் போகும்படி.