ஹெல்மெட் உண்டு, வண்டி இல்லை

2021 மே மாதத்திலிருந்து என் வீட்டில் எனக்கிருந்த மதிப்பு ஒரு படி இறங்கிவிட்டது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பூதப்பாண்டியில் ஏறி வடசேரி கனகமூலம் சந்தையில் ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு, என் மனைவி மகாராணி மாதிரி திரும்பி வருகிறாள். அதே பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான் மட்டும் சில்லறை நீட்ட வேண்டுமாம். குடும்பத்தலைவனுக்கு இது அடுக்குமா? லிஃப்ட் கேட்பது என்று முடிவெடுத்தேன்.

ஸ்கூட்டரை மகள் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹெல்மெட் மட்டும் எனக்கு மிஞ்சியது. பின்னால் உட்காருகிறவனும் ஹெல்மெட் போடவேண்டும் என்பது சட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றால் வண்டிக்காரர்களுக்கு மனசு இளகிவிடுகிறது. "பெட்ரோல் தீந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே நிறுத்துவார்கள். நான் தலையை ஆட்டுவதில்லை, மறுப்பதும் இல்லை.

முறையாகச் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுக்க வந்தவன் என் சகோதரி மகன். ஸ்ரீநகரில் தொடங்கி 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில், முதுகு மூட்டையோடு லிஃப்ட் கேட்டே வந்து சேர்கிற பையன்களின் வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறவன். "கைய ஆட்டப்பிடாது மாமா, கட்டைவிரலத் தூக்கணும்" என்றான். காலை பத்து மணிக்கு ஒழுகினசேரியில் தூக்கினேன். ஒரு பைக் நின்றது. "கடை பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பான், அண்ணாச்சி. இப்பமே வந்து நிக்கேளே" என்று கரிசனத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

கியூபாவில் இந்தச் சங்கடம் இல்லை. சோவியத் எண்ணெய் நின்றுபோன தொண்ணூறுகளில், மஞ்சள் உடுப்பு போட்ட அரசு ஊழியரைச் சாலையில் நிறுத்தினார்கள். காலி இருக்கையோடு வரும் அரசு வண்டிகளை மறித்து, காத்து நிற்பவர்களை ஏற்றிவிடுவது அவர் வேலை. வடசேரியில் அப்படி ஒருவரை நிறுத்தினால் முதல் இருக்கை அவர் மச்சினனுக்கு, அடுத்தது மச்சினனுக்குத் தெரிந்தவருக்கு. நமக்கு வெயில்தான்.

லிஃப்ட் என்றால் காசில்லாப் பயணம் என்று எவனோ நாஞ்சில் நாட்டைப் பார்க்காதவன் சொல்லியிருக்க வேண்டும். புத்தேரி தாண்டுவதற்குள் எந்தத் தெரு, யாரு மகன், பாட்டா பேரென்ன என்பதெல்லாம் கொடுத்தாக வேண்டும். இறச்சகுளத்தில் மகளுக்கு என்ன வயசு, சம்பந்தம் பேசியாச்சா. ஒருவர் அதற்கும் மேலே போய், வளைவில் தலையை முழுக்கப் பின்னால் திருப்பி, "உயிருக்கு ஒரு உத்தரவாதம் வேண்டாமா அண்ணாச்சி?" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. பாலிசி எடுத்தேன். அந்தப் பிரீமியத்தில் வருஷம் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே போயிருக்கலாம்.

பைக் கிடைக்காத நாளில் வேன், டெம்போ. இவற்றில் ஏறினால் வீட்டில் எதையும் மறைக்க முடியாது. திருவனந்தபுரத்தில் பூ இறக்கிவிட்டுத் தோவாளைக்குத் திரும்பும் வேனில் தக்கலையிலிருந்து வந்தேன். சட்டையெல்லாம் பிச்சிப்பூ வாசம். மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. முட்டத்து மீன் டெம்போவில் வந்த அன்று தெருப்பூனைகள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டன. குலசேகரத்து ரப்பர் ஷீட் வண்டியில் வந்தபோது, புகைபோட்ட ஷீட்டின் வாடை தாங்காமல் கிணற்றடியிலேயே நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. நேற்று ஹெல்மெட்டைக் கையில் எடுத்ததுமே ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு வெள்ளிக்கிழமை. பூ வெல ஏறிக் கெடக்கு. தோவாள வண்டியாட்டுப் பாத்து ஏறுங்கோ. டிரைவர்ட்ட சொன்னா ரெண்டு மொழம் தராமலா போவான்?"