காய்ச்சலுக்குப் பிந்தைய முதல் நடை: மருதத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் முதன்முதலாக வாய்க்கால் கரைவரை நடந்துவிட்டு வருவதை நம் இலக்கணிகள் ஒரு துறையாக வகுக்காமல் விட்டது பெருங்குறை. அதை நிரப்பவே இக்கட்டுரை. களம், தஞ்சை மாவட்டத்துக் கிராமம். காலம், மழை ஓய்ந்து சம்பாவில் கதிர் பால் பிடிக்கும் மார்கழி.

வயலும் வயல் சார்ந்த இடமும் ஆதலால் திணை மருதமே. மடையருகே நாரை, தண்ணீரில் எருமை எனக் கருப்பொருளுக்கும் பஞ்சமில்லை. உரிப்பொருளான ஊடல், புறப்படும் முன்பே வாசற்படியில் முடிந்துவிடுகிறது: “எங்கே கெளம்பிட்டீங்க? குடிச்ச கஞ்சியே இன்னும் செரிக்கலை!” சிக்கல் சிறுபொழுதில்தான். தொல்காப்பியர் மருதத்துக்கு வைகறையை வகுத்திருக்க, வீட்டு அப்பாயி பனி விலகி எட்டு மணி ஆகட்டும் என்கிறார். நடைமுறையில் செல்லுபடியாவது அப்பாயி பாடமே. மப்ளரும் அவருடைய இடைச்செருகல்தான்.

இனி மையக் கேள்வி. இந்த நடையின் நீளத்தைத் தீர்மானிப்பது எது? கால் வலு என்பது பழைய கொள்கை. விசாரிப்போர் தொகையே என்பது நம் முடிபு.

“பிளேட்லெட் எவ்வளவு எறங்குச்சு தம்பி?” என்பதே முதல் விசாரிப்பு. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, இக்காய்ச்சலில் சரியும். எண்பதாயிரம் என்று பதில் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். “இவ்வளவுதானா? எங்க மச்சானுக்கு இருபதாயிரம்.” பக்கத்தில் இருப்பவர் தன் சம்பந்திக்குப் பன்னிரண்டாயிரம் என்பார். ஊர் ஏலத்தில் தொகை ஏறும். இந்த ஏலத்தில் இறங்கும். எண்பதாயிரத்துக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனதையே சபை ஒப்புக்கொள்வதில்லை.

அடுத்து மருந்து. பப்பாளி இலைச் சாற்றுக் கட்சிக்கும் நிலவேம்புக் கட்சிக்கும் நடக்கும் வாதம் தனி நூலுக்கு உரியது. இங்கே வேண்டுவது ஒன்றுதான். நிலவேம்புக் குடிநீரில் சேரும் 9 சரக்குகளையும் சொல்ல வல்ல பெரியவர் ஒருவர் மதகில் உட்கார்ந்திருப்பார். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு, பற்படாகம் என்று எட்டோடு நின்றுவிடுவார். ஒன்பதாவது அவர் நினைவுக்கு வரும்வரை நோயாளி எதிரே நிற்க வேண்டும்.

ஆபத்து இந்த நிற்றலில்தான். எழுந்து நின்றால் அரை லிட்டருக்குமேல் ரத்தம் இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. நடந்தால் கெண்டைச்சதை அதைப் பிழிந்து மேலே அனுப்பும்; சும்மா நின்றால் அனுப்ப ஆளில்லை. மற்ற நேரத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சமாளித்துவிடும். படுத்தே கிடந்த உடம்புக்கு அந்தச் சுறுசுறுப்பு உடனே திரும்பிவிடுவதில்லை. கண் இருட்டுகிறது. தள்ளாடுகிறவரைக் கண்ட சபை, “அதுக்குள்ளே யாரு நடக்கச் சொன்னது?” என்று நடையின்மேல் பழி போடுகிறது. உண்மையில் அவரைச் சாய்த்தது பதில் சொல்லி நின்றதுதான்.

ஆகவே மதகில் இருப்போர் தயவுசெய்து சற்று நகர்ந்து, வந்தவரை உட்காரவைத்து விசாரிக்கவும். இடமில்லையென்றால் கூடவே நடந்தபடி விசாரிக்கவும். பெரியவருக்கும் ஒரு தகவல்: ஒன்பதாவது சரக்கு கோரைக்கிழங்கு. அது அவர் காலடியிலேயே முளைத்துக் கிடக்கிறது.