எலும்பதிகாரம்

எம்பிபிஎஸ் முதலாண்டு மாணவர் பேசும் மொழிக்கு இதுவரை இலக்கணம் இல்லை. அகராதிகள் உண்டு. சௌராசியாவின் உடற்கூறியல் தொகுதிகள் பக்கத்துக்குப் பக்கம் ஹைலைட்டர் மையில் ஊறிக் கிடக்கின்றன. ஆயினும் எழுத்து, சொல் என்று முறையாகப் பகுத்து ஆராய்ந்தார் இலர். அக்குறை தீர்க்க இக்கட்டுரை எழுந்தது. பொருளதிகாரத்தை மாணவரே மூன்றாம் ஆண்டுவரை தொடுவதில்லை ஆதலின், யாமும் தொட்டிலம்.

எழுத்திலிருந்து தொடங்குவோம். ஹைப்பர், ஹைப்போ இரண்டும் சொல்லுக்கு முன் வரும். முன்னது மிகுதி, பின்னது குறைவு. விவாவில் நா உலர்ந்த மாணவர் இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலியை எழுப்பி, எது சரியோ அதைத் தேர்வாளர் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவர். மாத்திரை குறைந்து ஒலிக்கும் இதனைக் 'குற்றியல் ஹைப்பு' என்க.

இலியம் என்பதன் சிக்கல் இதனினும் பெரிது. இடுப்பெலும்பின் மேற்பகுதியும் இலியம், சிறுகுடலின் கடைப்பகுதியும் இலியம். ஆங்கிலத்திலாவது ஓர் எழுத்து வேறுபடும். தமிழில் எழுதினால் அதுவும் போயிற்று. அஃதேல் எவ்வாறு அறிவது எனின், டிசெக்‌ஷன் ஹாலில் விரலால் அழுத்தி அறிக. காலின் வெளிப்புறத்தைக் குறிக்கும் பெரோனியலும் இடுப்பின் அடிப்பகுதியைக் குறிக்கும் பெரினியலும் இவ்வாறே மயங்கும். 1998-இல் வெளிவந்த பன்னாட்டு உடற்கூறியல் பெயர்த்தொகுப்பு, காலுக்கு ஃபிபுலாரிஸ் என்ற பெயரை முன்னிறுத்தியது. மாணவர் அதனால் பிழைத்தார் எனின், அன்று. இப்போது மூன்றையும் படிக்கிறார்.

இனிச் சொல். தமிழில் பெயர் இருவகை: இடுகுறி, காரணம். மருத்துவத்தில் காரணப்பெயரே மிகுதி. அக்காரணங்களும் பெரும்பாலும் சமையலறையிலிருந்து வந்தவை. தொடையெலும்பின் தலை பொருந்தும் குழி அசெட்டாபுலம்: காடி வைக்கும் கிண்ணம். முழங்காற்சில்லு பட்டெல்லா: சிறு தட்டு. பெல்விஸ் என்றால் பெரிய பாத்திரம். பெயர் சூட்டிய முன்னோர் பசிவேளையில் அறுத்துப் பார்த்தனர் போலும்.

இருவகையிலும் அடங்காத மூன்றாம் வகை ஒன்றுண்டு. அதற்குக் காரணமறியாப் பெயர் என்று பெயரிடுகிறோம். 'இடியோபதிக்' என்றால் நோய் ஏன் வந்தது என்று தெரியவில்லை என்பதே பொருள். 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்' என்பதும் அதுவே. தெரியாது என்று சொன்னால் ஃபெயில், இடியோபதிக் என்று சொன்னால் பாஸ். இடுப்பெலும்போ இவ்வகையின் உச்சி. அதற்கு நெடுங்காலமாக வழங்கிய 'இன்னாமினேட்' என்ற பெயருக்குப் பெயரற்றது என்று பொருள். பெயரற்றது என்ற அந்தப் பெயரையும் மறந்த மாணவருக்கு மதிப்பெண் குறைத்தல் அறமாகாது என்பது எம் துணிபு.

விகுதி மாறினால் நோயாளியின் கதி மாறும். ஐட்டிஸ் வந்தால் அழற்சி. எக்டமி வந்தால் உறுப்பே போயிற்று. ஓட்டமி வெட்டித் திறப்பது. ஆஸ்டமி வாய் வைத்து விடுவது. முதலாண்டினர் இவை அனைத்தையும் 'டமி' என்ற ஒரே ஈற்றில் விழுங்கி, உரிய உறுப்பைக் கையால் காட்டிச் சமாளிப்பர்.

தொகைச்சொற்களை இடம் நோக்கியே உணர வேண்டும். எம்எஸ் என்பது நரம்பு மருத்துவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், இதய மருத்துவருக்கு மைட்ரல் ஸ்டினோசிஸ், பெயர்ப்பலகையில் பட்டம்.

ஒருபொருட் பன்மொழிக்கும் இங்குப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உடலுறுப்புகளுக்குச் சுமார் 50,000 பெயர்கள் புழங்கின. 1895-இல் பாசெல் நகரில் கூடிய உடற்கூறியலார் அவற்றைச் சுமார் 5,500 ஆகக் குறைத்தனர். உலகிலுள்ள முதலாண்டு மாணவர் அனைவரும் பாசெல் இருக்கும் திசை நோக்கித் தொழத்தக்க செயல் அது. ஆனால் நெடும்பெயர்கள் இன்றும் எஞ்சவே செய்கின்றன. மேலுதட்டையும் மூக்கின் ஓரத்தையும் தூக்கும் ஒரு சிறு தசையின் பெயர், லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்வே நேசை. ஃபார்மலின் வாடை அடித்ததும் முகம் சுளிக்க உதவுவது இத்தசை. பெயரை முதன்முறை படிக்கும்போதும் இதுவே வேலை செய்வதை ஹாஸ்டலில் கண்டு உறுதிசெய்துள்ளோம்.

இவற்றை நினைவில் நிறுத்தச் சீனியர்கள் வழிவழியாக வாய்பாடுகளைத் தருகின்றனர். மணிக்கட்டின் எட்டு எலும்புகளுக்கும் பன்னிரண்டு கபால நரம்புகளுக்கும் உள்ளவை புகழ்பெற்றவை. தேமா புளிமாவை வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொல்லலாம். இவற்றைச் சொல்ல இயலாது, அம்மா இருக்கிறார்.

தமிழிலேயே படித்தால் இத்துன்பம் இல்லையே என்பார் உளர். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் அதைச் செய்தே காட்டினார். தமிழில் மருத்துவம் கற்பித்தார், நூல்களும் செய்தார். அவற்றுள் ஒன்றன் பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. இதை ஒரே மூச்சில் சொல்லப் பழகிய மாணவரை லத்தீன் என்ன செய்துவிடும்? அவருடைய உழைப்பின் முன் நம் கேலி நில்லாது. ஆனால் நெட்டுரு மட்டும் எம்மொழியிலும் நெட்டுருவே.

புறனடையாக ஒன்று. மேற்கூறிய இலக்கணம் அனைத்தும் வார்டு வாசலோடு முடியும். உள்ளே வழங்குவது இரட்டைக்கிளவி. நெஞ்சு படபட என்கிறது, கட்டி விண்விண் என்று தெறிக்கிறது, கால் குறுகுறு என்கிறது. இவற்றுக்கு நூற்பா எந்தத் தொகுதியிலும் இல்லை. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் முதல் மாத அடிப்படைப் பயிற்சியில் உள்ளூர் மொழியையும் சேர்த்தது இது உணர்ந்துதான் போலும். எனினும் ஓர் ஐயம் எஞ்சும். நோயாளி 'கிறுகிறுன்னு வருது' என்கிறார். உலகம் சுழல்வதாகத் தோன்றினால் வெர்ட்டைகோ, கண் இருட்டி விழப்போவது போலிருந்தால் அது வேறு. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. எது என்று அவரையே கேட்டுத் தெளிக எனின், கேட்டாயிற்று.

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இங்க வர்றேன்?"